மின்சார ஹீட்டர் ஃபிளாட்: பழைய இரட்டை மீட்டர் கட்டணத்தை விட்டு எதற்கு மாறுவது?

ஸ்காட்லாந்தில் கேஸ் இணைப்பு இல்லாத வாடகை ஃபிளாட்டுக்குக் குடிபோகிற பலர் முதல் மின்சார பில்லைப் பார்த்துக் குழம்பிப் போகிறார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர், இரண்டு மூன்று விதமான யூனிட் விலை, கூடவே புரியாத பெயரில் ஒரு டாரிஃப் (கட்டணத் திட்டம்). எஸ்எஸ்இ என்ற மின்சாரக் கம்பெனி காலத்து ‘டோட்டல் ஹீட்டிங் டோட்டல் கண்ட்ரோல்’, ஸ்காட்டிஷ்பவரின் ‘கம்ஃபர்ட் பிளஸ் ஒயிட் மீட்டர்’ இரண்டும் இந்த ரகம். எஸ்எஸ்இயின் வீட்டு இணைப்புகள் 2020 ஜனவரியில் ஓவோ என்ற கம்பெனியின் கைக்குப் போனபோது பழைய டாரிஃப்களும் கூடவே போயின.

இந்தச் சிக்கலுக்குப் பின்னால் ஒரு ரேடியோ கதை இருக்கிறது. பிபிசி ரேடியோ 4-இன் 198 கிலோஹெர்ட்ஸ் நீண்ட அலையோடு சேர்த்து காதுக்குக் கேட்காத ஒரு சைகையும் 1980களிலிருந்து ஒலிபரப்பானது. மீட்டர் பக்கத்தில் இருக்கும் டெலிஸ்விட்ச் பெட்டி அதைக் கேட்டுத்தான் உங்கள் ஹீட்டரை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்று முடிவு செய்தது. நாளைக்குக் குளிர் அதிகம் என்று வானிலைக் கணிப்பு சொன்னால் ஹீட்டர் கூடுதல் நேரம் சார்ஜ் ஆகும், அதாவது சூட்டை உள்ளே சேர்த்துவைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சேவையை 2025 ஜூன் 30-இலிருந்து பகுதி பகுதியாக நிறுத்த ஆரம்பித்தார்கள். அதனால் பழைய மீட்டர் எப்படியும் மாறியாக வேண்டும். மாறும் நேரத்தில் கம்பெனிக்காரர் எந்த டாரிஃபைச் சொல்கிறாரோ அதற்குத் தலையாட்டாமல் இருப்பதற்கே இந்த ஒப்பீடு.

முதலில் சுவரைப் பாருங்கள்

டாரிஃபை ஒப்பிடுவதற்கு முன்னால் வீட்டில் என்ன ஹீட்டர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தடிமனாக, அசைக்க முடியாத கனத்தில், உள்ளே செங்கல் அடுக்கி இருந்தால் அது ஸ்டோரேஜ் ஹீட்டர். மேலே இன்புட் (எவ்வளவு சார்ஜ் ஆவது), அவுட்புட் (எவ்வளவு சூடு வெளியே விடுவது) என்று இரண்டு திருகு இருக்கும். மெல்லிய பலகை மாதிரி சுவரில் தொங்கினால் பேனல் ஹீட்டர். முன்னது ராத்திரி மின்சாரத்தை வாங்கிச் சூடாக வைத்துக்கொண்டு பகலில் விடும். பின்னது போட்டவுடன் சுடும், அணைத்தவுடன் ஆறும். ஒரு யூனிட் மின்சாரத்தில் கிடைக்கும் சூடு இரண்டிலும் ஒன்றேதான். ‘மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஹீட்டர்’ என்று விளம்பரத்தில் வருகிற எதற்கும் இது பொருந்தும். வித்தியாசமெல்லாம் எந்த நேரத்து மின்சாரம் என்பதில்தான்.

ஸ்டோரேஜ் ஹீட்டர் என்றால் அதற்கான வயரிங் பெரும்பாலும் தனி. ராத்திரியில் மட்டும் உயிர்பெறும் தனி சர்க்யூட் அது. வாடகைக்கு இருப்பவர் டாரிஃபை மாற்றலாம்; இந்த வயரிங்கைத் தொட முடியாது. ஹீட்டரைக் கழற்றி மூலையில் வைக்கவும் முடியாது. எனவே நமக்கான கேள்வி கொஞ்சம் குறுகியது: இருக்கிற ஹீட்டரோடும் இருக்கிற வயரோடும் எந்தக் கட்டணம் ஒத்துப்போகும்?

பழையதிலேயே நீடிப்பது

பலரும் திட்டுகிற இந்த டாரிஃபுக்கு முதலில் நியாயம் செய்துவிடுவோம். இரட்டை மீட்டர் ஏற்பாட்டில் ஹீட்டருக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் ஒரு மீட்டர், அதில் 24 மணி நேரமும் குறைந்த விலை. விளக்கு, அடுப்பு, சாக்கெட் எல்லாம் இன்னொரு மீட்டர், அதில் கூடின விலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் இரட்டை விலைகள் எல்லாம் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்பவை; உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டு நீங்களே திரும்பச் செய்யுங்கள். வருடத்துக்கு 6,000 யூனிட். ஹீட்டர் மீட்டரில் 20 பென்ஸ், மற்றதில் 33 பென்ஸ். 4,000 யூனிட் ஹீட்டர் பக்கம் ஓடினால் மொத்தம் 1,460 பவுண்ட். ஒரே விலைக் கட்டணத்துக்கு, எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் போடும் விலை உச்சவரம்பை எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன் சராசரி யூனிட்டுக்கு 26.35 பென்ஸ். அதே 6,000 யூனிட்டுக்கு 1,581 பவுண்ட். ஆக, பழையது 121 பவுண்ட் மலிவு! தினசரிக் கட்டணத்தை (எவ்வளவு ஓடினாலும் நாளுக்கு இவ்வளவு என்று விழும் தொகை) இதில் சேர்க்கவில்லை. இரண்டு மீட்டருக்கும் அது தனித்தனியாக விழுகிறதா என்று பில்லில் பாருங்கள். விழுந்தால் இந்த லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஹாலில் இருக்கும் பழைய ஹீட்டர் சரியாகச் சுடவில்லை. வாடகைக்கு இருப்பவர் கடையில் ஒரு ஃபேன் ஹீட்டர் வாங்கிச் சாதாரண சாக்கெட்டில் செருகுகிறார். அந்தச் சூடு முழுக்க 33 பென்ஸ் மீட்டரில் ஓடுகிறது. 2,000 யூனிட் அப்படித் திசைமாறினால் பில் 1,720 பவுண்ட் ஆகிவிடும். குழப்பமான டாரிஃப் வலிப்பது இந்த இடத்தில்தான். விலையைவிட, எந்த பிளக் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாததுதான் பணத்தைத் தின்கிறது.

இன்னொரு சங்கடம், இந்த வகை மீட்டர் இருக்கும் வீட்டை விலை ஒப்பிடும் இணையதளங்கள் சரியாகக் கையாள்வதில்லை. நேரே கம்பெனிக்குப் போன் போட வேண்டியிருக்கும். பில்லில் ‘எம்பான்’ என்ற நீண்ட எண் இருக்கும்; உங்கள் மின் இணைப்பின் அடையாள எண் அது. அதன் கீழ்வரிசை 17-இல் ஆரம்பித்தால் வட ஸ்காட்லாந்து, 18 என்றால் தென் ஸ்காட்லாந்து. இரண்டு மீட்டருக்கு இரண்டு எம்பான் இருந்தால் மாறும்போது இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே விலை

காலை, மதியம், ராத்திரி எப்போதும் ஒரே யூனிட் விலை. பில்லைப் படிக்க யார் உதவியும் வேண்டாம். எந்தக் கம்பெனியோடும் ஒப்பிடலாம், நாளைக்கே வேறு கம்பெனிக்கு மாறலாம். 2016-இல் பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம், இந்த மாதிரிச் சிறப்பு மீட்டரில் மாட்டிக்கொண்ட வீடுகளுக்கும் மீட்டரை மாற்றச் சொல்லாமலே ஒரே விலை டாரிஃபைத் தர வேண்டும் என்று பெரிய கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டதற்குக் காரணமே இதுதான். வெளியே வர வழியில்லாமல் இருந்தவர்களுக்கு அது ஒரு கதவு.

பேனல் ஹீட்டர் வீட்டுக்கு இதுதான் பதில், நீட்டி யோசிக்க ஒன்றும் இல்லை. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து ஹீட்டரைப் போடுகிறவருக்கு ராத்திரி சலுகை விலையால் என்ன பயன்?

ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டில் கதை வேறு. ஒரே விலைக்கு மாறினாலும் ஹீட்டர் பழையபடி ராத்திரியில்தான் சார்ஜ் ஆகும். அதாவது ராத்திரி சார்ஜின் அசௌகரியம் அப்படியே இருக்கும், சலுகை விலை மட்டும் போய்விடும். 2.55 கிலோவாட் ஹீட்டர் ஒன்று ஏழு மணி நேரம் முழுதாகச் சார்ஜ் ஆனால் கிட்டத்தட்ட 18 யூனிட். அதை 26 பென்ஸில் வாங்குவதற்கும் 15 பென்ஸில் வாங்குவதற்கும் ஒரு ராத்திரிக்கு 2 பவுண்ட் வித்தியாசம், ஒரு ஹீட்டருக்கு மட்டும்.

எகானமி 7

1978-இல் வந்த பழைய முறை. ராத்திரி ஏழு மணி நேரம் மலிவு, மற்ற 17 மணி நேரம் ஒரே விலையைவிடக் கூடுதல். பகல் 32, ராத்திரி 15 என்று வைத்துக்கொண்டால், உங்கள் மொத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ராத்திரியில் ஓடினால் 26.35-உடன் சமம். 60 சதவீதம் ராத்திரியில் ஓடினால் 6,000 யூனிட்டுக்கு 1,308 பவுண்ட், ஒரே விலையைவிட 273 பவுண்ட் குறைவு. 30 சதவீதம்தான் என்றால் 1,614 பவுண்ட், 33 பவுண்ட் நஷ்டம். தவறினால் சின்ன அடி, பொருந்தினால் நல்ல லாபம். ஸ்டோரேஜ் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிற வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி பகல்-ராத்திரி விலைப் பிரிப்பு நிறைய மாறும். உச்சவரம்பு ராத்திரி விலையைத் தனியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு குறிப்பிட்ட பகல்-ராத்திரி விகிதத்தை வைத்து மொத்தத்துக்குத்தான் எல்லை போடுகிறது. அதனால் ‘உச்சவரம்பு விலைதான்’ என்று போனில் சொன்னால் போதாது, இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். மலிவு நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். அது பகுதிக்குப் பகுதி மாறும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும்போது பல மீட்டர்களின் கடிகாரம் அதோடு சேர்ந்து மாறுவதில்லை. பன்னிரண்டிலிருந்து ஏழு என்பது அப்போது ஒன்றிலிருந்து எட்டு.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. படுக்கப் போகும்போது சுவிட்சையெல்லாம் அணைப்பது நமக்கு ஊறிய பழக்கம். ஸ்டோரேஜ் ஹீட்டரின் சுவர் சுவிட்சை அப்படி அணைத்தால் ராத்திரி முழுக்க அது சார்ஜ் ஆகாது. காலையில் ‘ஹீட்டர் ரிப்பேர்’ என்று ஏஜென்டுக்கு மெயில் போகும். சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும். அவுட்புட் திருகை மட்டும் ராத்திரியில் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் எழுவதற்குள் சூடு பாதி போயிருக்கும். வெந்நீர்த் தொட்டியிலும் இதே கதைதான். தொட்டிக்குள் இருந்து தண்ணீரைச் சுட வைக்கும் இமர்ஷன் ஹீட்டர் சாதாரணமாக 3 கிலோவாட். பகலில் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்துவது பகல் விலையில் வெந்நீர் வாங்குவது.

மற்ற இரண்டு

எகானமி 10 மதியம், மாலை, ராத்திரி என்று பத்து மணி நேரத்தைப் பிரித்து மலிவாகத் தரும். மாலையிலேயே ஆறிப்போகும் ஹீட்டருக்கு இடையில் ஒரு சார்ஜ் கிடைப்பது நல்ல யோசனைதான். ஆனால் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனிகள் மிகக் குறைவு. கிடைத்தால் பாருங்கள், தேடி அலைய வேண்டாம்.

ஆக்டோபஸ் கம்பெனியின் ‘அஜைல்’ அரை மணிக்கு ஒருமுறை விலை மாறுவது. அடுத்த நாள் விலை முந்தைய நாள் மாலையே தெரிந்துவிடும். மாலை நான்கிலிருந்து ஏழுவரை பெரும்பாலும் உச்சம், யூனிட்டுக்கு ஒரு பவுண்ட்வரை போக இடமுண்டு. மின்சாரக் காரும் பேட்டரியும் வைத்திருப்பவருக்கு இது விளையாட்டு மைதானம். மாலையில் குழந்தையோடு பேனல் ஹீட்டர் முன்னால் உட்கார வேண்டியவருக்கு வேண்டாம். குழப்பமான டாரிஃபிலிருந்து தப்பித்து இன்னும் குழப்பமானதில் ஏன் விழ வேண்டும்?

வாடகைக்கு இருப்பவரின் உரிமை

பில் உங்கள் பெயரில் வந்து நீங்களே கட்டினால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. வீட்டுக்காரர் நியாயமில்லாமல் தடுக்கக் கூடாது என்பதே ஆஃப்ஜெம் நிலைப்பாடு. மீட்டரை மாற்றுவதென்றால் மட்டும் ஒரு மெயில் போட்டுச் சொல்லிவிடுங்கள். காலி செய்யும்போது பழையபடி வைக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. வீட்டுக்காரர் பில் கட்டி உங்களிடம் வசூலிக்கிறார் என்றால் தேர்வு அவருடையது, ஆனால் தான் கொடுத்த விலைக்கு மேல் யூனிட்டுக்கு வாங்கக் கூடாது.

ஆறு மாதத்தில் வீடு மாறும் எண்ணம் இருந்தால் ஃபிக்ஸட் (குறிப்பிட்ட காலத்துக்கு விலை மாறாத) ஒப்பந்தத்தின் வெளியேறும் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி 49 நாட்களில் அதை வசூலிக்க முடியாது; அதற்கு முன் முடியும். சாதாரண மாறும் விலை டாரிஃபில் இந்தத் தொல்லையே இல்லை.

மீட்டர் மாற்றும் நாள்

ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டுக்கு ஐந்து முனை ஸ்மார்ட் மீட்டர் தேவைப்படலாம். ஹீட்டருக்கான தனி சர்க்யூட்டைக் குறித்த நேரத்தில் போட்டு அணைக்கும் ஐந்தாவது முனை அதில் இருக்கும். நேரம் பதிவு செய்யும்போதே ‘எங்கள் வீட்டில் ஹீட்டருக்குத் தனி சர்க்யூட் இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண மீட்டரோடு ஆள் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடக் கூடும்.

பழைய மீட்டரின் எல்லா எண்ணையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதியது வந்த அன்று ராத்திரி பதினொன்றுக்கும் மறுநாள் காலை எட்டரைக்கும் இரண்டு ரிஜிஸ்டரையும் (மலிவு நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் தனித்தனியாக ஓடும் எண்கள்) படியுங்கள். எது நிறைய ஓடியிருக்கிறதோ அதுதான் ராத்திரி ரிஜிஸ்டர். முதல் பில்லில் அதற்கு நேராக மலிவு விலை இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக இருந்தால் போட்டோவோடு உடனே எழுதுங்கள். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். காலையில் எந்த எண்ணுமே பெரிதாக நகராமல், ஹீட்டரும் ஜில்லென்று இருந்தால் தனி சர்க்யூட்டுக்கு நேரம் அமைக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே போன் போடுங்கள்.