கொன்றையா, அங்சானாவா, இயல்வாகையா?

மலேசியாவில் பீடோங் பக்கம் பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை கொட்டும்போது எங்கள் வேலியோர மரமும் பாதி மொட்டையாகிவிட்டது. ஒரு மழை விழுந்தது, கொஞ்ச நாளில் உச்சியெல்லாம் மஞ்சள். "கொன்றைடா, சிவனுக்குப் பறிச்சுக் குடு" என்றார் பெரியம்மா. பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, அங்சானா மரம்தான் என்று அடித்துச் சொன்னார். வீடு வாங்கும்போதே நின்ற மரம், நட்டது யாரோ.

பூவின் நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான். கொன்றை, அங்சானா, இயல்வாகை மூன்றும் மஞ்சள், மூன்றும் இலையுதிர்ப்பவை.

சரக்கொன்றையைக் கண்டுபிடிப்பது சுலபம். பூ சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும், ஒரு முழம்கூட வரும். காய் உருட்டுக் குழல்போல நீண்டு, முற்றினால் கறுக்கும். எங்கள் மரத்தில் தொங்குகிற சரம் ஒன்றுகூட இல்லை. பெரியம்மாவின் கட்சி அங்கேயே அவுட்.

அங்சானாவுக்குத்தான் நிறைய யோசித்தேன். நம் குறிஞ்சி வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. பட்டையைக் கீறினால் ரத்தம் மாதிரி பிசின் கசியும். ரப்பர் பால் வெட்டிய கை சும்மா இருக்குமா, பழைய கத்தியை எடுக்கப் போனேன். மரத்தைக் காயப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். அங்சானா பூ ஒரே நாள் கூத்து: இன்று மணக்க மணக்கப் பூக்கும், மறுநாள் ரோடெல்லாம் மஞ்சள் பாய். எங்கள் மரமோ வாரக்கணக்கில் பூத்தது. காயும் வேறு. அங்சானா காய் நடுவில் விதை புடைத்த வட்டத் தகடு, குட்டி அப்பளம்போல.

கடைசியில் ஏணி போட்டு ஒரு கொத்தை ஒடித்துப் பார்த்தேன். மொட்டுகளில் துருப்பிடித்த ஆணி நிறத்தில் மெல்லிய ரோமம். தேய்த்தால் வெல்வெட் மாதிரி. கொத்து வானம் பார்த்து நிமிர்ந்திருந்தது, இதழ்கள் கசங்கிய டிஷ்யூபோலச் சுருங்கியிருந்தன. இலையோ மயில்கொன்றை இலைபோல, ஈர்க்கிலிருந்து ஈர்க்கு பிரிந்து, பொடிப்பொடி சிற்றிலைகளாக. மற்ற இரண்டுக்கும் இப்படி இரட்டைப் பிரிவு கிடையாது. கீழே கிடந்த போன வருஷத்துக் காய் தட்டை, செம்பு நிறம், இரண்டு முனையும் கூர். இயல்வாகைதான், மலாயில் ஜெமர்லாங். பெருங்கொன்றை என்றும் பெயருண்டு என்பதால் பெரியம்மாவுக்குப் பாதி மார்க் கொடுக்கலாம்.

அவருக்கு முழு மார்க்கே வேண்டுமாம். கொன்றை விதை நாலு வாங்கிவந்து, ஓடு தடித்தது என்பதால் உப்புத்தாளில் தேய்த்து, மைலோ டின்னில் ஊன்றி வைத்திருக்கிறேன்.