டெல்டா எம்.பி. எந்த நேரத்தில் பேசினால் நமக்கு ஆதாயம்?

சம்பா அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை கொட்டினால், நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதக் கருவி 19, 20 என்று காட்டும். நெல்லை வாங்க ஒன்றிய அரசு வைத்திருக்கும் வரம்பு 17 சதவீதம். தளர்வு டெல்லியிலிருந்துதான் வர வேண்டும்.

இதற்குப் பொருத்தமானது, அவசரப் பிரச்சினைகளை எம்.பி.க்கள் எழுப்பும் பூஜ்ஜிய நேரம்தான். நோட்டீஸ் கொடுத்து வாய்ப்பும் கிடைத்தால், மக்களவையில் கேள்வி நேரம் முடிந்ததும் பேசலாம். ஆனால் அமைச்சர் பதில் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசிய வீடியோ மட்டும் சாயங்காலத்துக்குள் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். (குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் நனையும்போது பெரும்பாலும் அவையே கூடியிருக்காது என்பது தனிச் சோகம்.)

மக்களவை விதி 377 கொஞ்சம் நிதானமான வழி. 250 வார்த்தைக்குள் எழுதிக் கொடுத்தால், பின்னர் அமைச்சகத்திடமிருந்து எம்.பி.க்குக் கடிதம் வரும். ரயில் பாதை, மீன்பிடித் துறைமுகம் போன்றவற்றுக்கு இது போதும்.

என் ஓட்டு கேள்விகளுக்குத்தான். குறைந்தது 15 நாள் முன்பே கொடுக்க வேண்டும் என்பதால் மழைக்கு உதவாது, காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேக்கேதாட்டு அணை விவகாரத்துக்கு உதவும். மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் கேள்விகள் (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்பவை) 20தான், அதுவும் குலுக்கலில். வாய்மொழி பதில் வரை வந்துவிட்டால் துணைக்கேள்வி போட்டு அமைச்சரை மடக்கலாம். நட்சத்திரமில்லாதவை 230, பதில் எழுத்தில் மட்டும் வரும். பேச்சுக்குக் கைதட்டுகிற நாம் இந்தப் பதில்களைப் படிப்பதே இல்லை. 'அணைக்கு அனுமதி தரும் எண்ணம் உண்டா, இருந்தால் விவரம் என்ன?' என்று கேட்டால், '(அ) இல்லை. (ஆ) கேள்வி எழவில்லை' என்று முடித்துவிடுவார்கள். 'திட்ட அறிக்கை இப்போது யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?' என்று கேட்டால் அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது. பதிலில் வாக்குறுதி ஏதும் இருந்தால் அதை அரசு 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்கத் தனிக்குழுவே இருக்கிறது.

கோஷம் போட்டு அவையை முடக்குவதும் ஒரு வழிதான். 2018 மார்ச்சில் காவிரி வாரியத்துக்காக அ.தி.மு.க. அதைச் செய்தது. 2019 ஜனவரியில் மேக்கேதாட்டுக்காகக் கோஷமிட்ட அக்கட்சியின் 24 பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். ஊரில் நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் 2018 ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்.

அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதாவை நம்பி உட்கார முடியாது. 1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்த பெண் விவசாயிகள் உரிமை மசோதா 2013இல் காலாவதியானது. திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015இல் அந்த அவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனால் அதன் பிறகு அரசு தானே ஒரு மசோதா கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அது சிவா கேட்ட வடிவில் இல்லை.