கேம்பர் வேனில் கேஸ் ஃபிரிட்ஜ்: கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் நீண்டகாலப் பயன்பாடு

சிலிண்டர் கேஸிலும் 230 வோல்ட், 12 வோல்ட் மின்சாரத்திலும் ஓடும் கேஸ் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றதும் "யூனிட் (குளிர்விக்கும் குழாய் அமைப்பு) போயிடுச்சு, மாத்திடுங்க" என்ற பதில்தான் முதலில் கிடைக்கும். இந்தக் கரையோரம் ஓடும் வேன்களில் பெரும்பாலும் கோளாறு யூனிட்டில் இருப்பதில்லை. பர்னரில் விழுந்த துரு, சாய்ந்து நிற்கும் வேன், பின்பக்கம் தேங்கிய சூடு என்று வெளியேதான் காரணம் இருக்கும். விலை கூடிய முடிவுக்குப் போகும் முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் சோதனை சுலபம். வேனை மட்டமான தரையில் நிறுத்தி, வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். குளிர்ந்தால் யூனிட் நன்றாக இருக்கிறது, கோளாறு கேஸ் பக்கம். அவசரப்பட்டுக் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. இந்த வகை குளிர்வதற்கே பல மணி நேரம் எடுக்கும். மின்சாரத்திலும் குளிரவில்லை என்றால் ஹீட்டரின் மின்தடையை மல்டிமீட்டரில் பாருங்கள். 125 வாட் ஹீட்டர் 420 ஓம் அளவில் காட்ட வேண்டும். எல்லையில்லை (OL) என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. ஹீட்டரை மட்டும் மாற்றினால் போதும்.

மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? இதில் கம்ப்ரஸர் கிடையாது. அடியில் தரும் சூட்டில் அம்மோனியாக் கரைசல் கொதித்து மேலேறுகிறது. பிரிந்த அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் உள்ள குழாயில் ஆவியாகும்போது பெட்டியின் சூட்டை இழுக்கிறது. பிறகு தண்ணீர் அதை உறிஞ்சிக்கொண்டு கீழே வருகிறது. இறங்கிவருவதற்கு உதவ மோட்டார் இல்லை, சரிவு மட்டுமே. பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்பது பல மாடல்களின் எல்லை. அதைத் தாண்டி நின்றபடி எரியவிட்டால் திரவம் ஓரிடத்தில் தேங்கி, கொதிகலன் வறண்டு, கரைசலில் கலந்துள்ள துருத்தடுப்பு உப்பு படிந்து குழாயை அடைக்கும். அந்த அடைப்பு திரும்பச் சரியாவது அரிது. ஓடும் வேனில் சாய்வு மாறிக்கொண்டே இருப்பதால் இந்தப் பயம் இல்லை. நிறுத்திய இடத்தில்தான் ஆபத்து. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை போன்ற மணற்பாங்கில் மாலையில் மட்டமாக நின்ற வேன், இரவில் ஒரு சக்கரம் இறங்கி விடியும்போது சாய்ந்திருக்கும். சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு, ஃப்ரீஸர் தட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். காலையில் மறுபடியும் ஒரு முறை.

கேஸ் பக்கம் வருவோம். தீ நீலமாக, ஆடாமல் நிற்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை, கரி படியும். பற்றவைத்து 15 முதல் 30 விநாடி குமிழை அழுத்திப் பிடித்து, விட்டதும் அணைந்தால் தெர்மோகப்பிளை, அதாவது தீயின் சூட்டை உணர்ந்து கேஸ் வால்வைத் திறந்து வைக்கும் கம்பியைச் சந்தேகப்படுங்கள். அதன் முனை தீக்குள் இருக்கிறதா, கரி பிடித்திருக்கிறதா, பின்முனை நட் இளகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புதிது வாங்க வேண்டும்.

சுத்தம் செய்ய, சிலிண்டரை மூடி, எல்லாம் ஆறியபின் பர்னர் மூடியைக் கழற்றுங்கள். பர்னர்மேல் துணி போர்த்திவிட்டு, புகைக்குழாயின் மேல்வாயிலிருந்து, உள்ளே தொங்கும் முறுக்குத் தகட்டை உருவி எடுத்து, நீளமான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். விழும் துருச் செதில்களைப் பார்த்தால் தீ ஏன் சோர்ந்தது என்பது புரிந்துவிடும். தகட்டை அதே உயரத்தில் திரும்பத் தொங்கவிட வேண்டும். கேஸ் வெளிவரும் நுண்துளை உள்ள ஜெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ஊசியோ கம்பியோ விட்டால் துளை பெரிதாகி, அந்த ஜெட் பிறகு எதற்கும் உதவாது. கையேடுகள் ஆண்டுக்கு ஒரு முறை என்கின்றன. இந்த உப்புக்காற்றில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை தேவை. ஓடாமல் நின்ற வேன் என்றால் பர்னர் குழாய்க்குள் குளவிக்கூடும் சிலந்தி வலையும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டியதும் கேஸ் கசிகிறதா என்று எல்லா இணைப்புகளுக்கும் சோப்பு நுரை சோதனை கட்டாயம்.

ரெகுலேட்டர் 30 மில்லிபார். ஃபிரிட்ஜின் பெயர்த்தகட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். ஹோட்டல் அடுப்புக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேண்டவே வேண்டாம். நம் ஊர் சிலிண்டரில் புரோபேனோடு பியூட்டேன் அதிகம் கலந்திருப்பதால், புரோபேனுக்கென்று அமைத்த ஜெட்டில் தீ சற்றுக் காற்று போதாமல் எரியும். கரி சீக்கிரம் சேரும். நடுத்தர ஃபிரிட்ஜ் நாளைக்கு 300 கிராம் அளவில் எரிக்கும், ஆக 5 கிலோ சிலிண்டர் இரண்டு வாரம் வரும். கேஸ் காற்றைவிடக் கனமானது. அதனால் சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இருந்தே ஆக வேண்டும். பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன் தீயை அணைத்துவிடுங்கள்.

கத்திரி வெயில் காலத்தில் நல்ல யூனிட்டும் திணறும். வெளிச்சூட்டைவிட 20 முதல் 25 டிகிரி குறைப்பதுதான் இதன் திறன். 38 டிகிரி வெயிலில் உள்ளே 13க்கு மேல் நின்றால் அதிசயமில்லை. தோசை மாவு புளித்துவிடும். பின்புறச் சூடு மேல்வழியே வெளியேறக் கீழும் மேலும் காற்றுத்துளைகள் வேண்டும். மேல்துளை அருகே 12 வோல்ட்டில் ஓடும் 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வெளிநோக்கி வைத்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். துளைகள் உள்ள பக்கத்தைப் பிற்பகல் கடற்காற்றுக்கு எதிரே நிறுத்தினால் தீ அணையும், மேற்கு வெயிலுக்குக் காட்டினால் குளிர் போகும். வடக்குப் பக்கம் திருப்பி நிறுத்துவது இந்தக் கரையில் நல்ல சமரசம். பச்சை மீனை மட்டும் இதை நம்பி வைக்காதீர்கள். துறைமுகத்தில் வாங்கிய மீனுக்கு ஐஸ் பெட்டிதான்.

12 வோல்ட் இணைப்பு ஓடும்போது குளிரைப் பிடித்துவைக்க மட்டும். 10 ஆம்பியர் இழுக்கும். போக வர 10 மீட்டர் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டராக இருந்தால் 0.7 வோல்ட் வழியிலேயே தொலையும். 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். இன்ஜின் நின்றதும் துண்டிக்கும் ரிலே இல்லாவிட்டால் பேட்டரி காலி.

எல்லாம் சரியாக இருந்தும் குளிர் இல்லை, பின்பக்கக் குழாயில் மஞ்சள் தூள், அம்மோனியா நெடி என்றால் உடனே அணைத்து, கதவுகளைத் திறந்துவிடுங்கள். அது கசிவு. வெல்டிங் வைத்து அடைக்க எவர் முன்வந்தாலும் விடக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. அந்த நிலையில் கூலிங் யூனிட்டை முழுதாக மாற்றுவதைவிட, கூரையில் சோலார் உள்ளவர்கள் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு மாறுவதே இந்த வெயிலுக்குப் பொருத்தம்.