20-ஆம் தேதி எரிந்த சிவப்பு விளக்கு

மதுரையில் வீட்டின் முன்னறைதான் என் கணக்கு அலுவலகம். இந்த ஃபைபர் இணைய இணைப்பு வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

திட்டம் 100 எம்பிபிஎஸ். நொடிக்கு நூறு மெகாபைட் என்று நம்பித்தான் பணம் கட்டினேன். அது மெகாபிட்டாம்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்தான் தேறும். கணக்குப் பார்ப்பவனுக்கே இந்த ஏமாற்றம்! ஆனாலும் வேகம் எனக்குத் தாராளம்.

சிக்கல், இணைப்பு அறுந்துபோகும் நாளில்தான் தெரியும். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக் கணக்குத் தாக்கலுக்கு 20-ஆம் தேதி கடைசி. சென்ற மாதம் அதே நாள், காலை பத்து மணிக்கு, மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அதற்குப் பொருள். சேவை மையத்துப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் சார்" என்றார். மரியாதைக்காக மூன்று முறை போட்டேன்.

மாலை நான்கு மணிக்குச் செயலியில் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று பச்சை டிக் வந்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது. மகளின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஏழு வாடிக்கையாளர்களின் கணக்கை நள்ளிரவுக்குள் முடித்தேன்.

மறுநாள் பழுதுபார்க்க வந்த தம்பி தங்கமானவர். முருங்கை மரத்தருகே அணில் இழையைக் கடித்த இடத்தைக் கண்டுபிடித்து, கால் மணி நேரத்தில் ஒட்டிவிட்டார். அவருக்கு ஐந்து நட்சத்திரம், செயலிக்கு ஒன்று. இந்த மாதத் தாக்கலை 17-ஆம் தேதியே முடித்துவிட்டேன்.