டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர்

பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டியதிலிருந்து "மைலேஜ் வண்டி" தேடிக் கோயம்புத்தூரில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைகளில் ஏறி இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது 2018 மாடல் டிசையர் டீசல், நாலே முக்கால் லட்சம். கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 28.4, ரோட்டில் 20 வந்தாலே எனக்குப் போதும். மீட்டரில் 62,000. "டாக்டர் வண்டிங்க, சிங்கிள் ஓனர், ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எடுப்பாருங்க" என்றார் கடைக்காரர். (இந்த ஊரில் விற்பனைக்கு வரும் வண்டியெல்லாம் டாக்டர் வண்டிதான்.) சிங்கிள் ஓனர் என்பது உண்மை. அது மட்டும்தான் உண்மை.

பெயர் மாற்றம் முடிந்த கையோடு மேட்டில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். அட்வைசர் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார்: 2021 மார்ச்சிலேயே 1,48,000. அதன் பிறகு வண்டி அங்கே வரவே இல்லை. "ஸ்டாஃப் பிக்கப் ஓடியிருக்கும் சார், ஓன் போர்டுலயே" என்றார். (சொந்த வண்டி நம்பர் பிளேட்டிலேயே வாடகைக்கு ஓட்டுவது.)

சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் புது உறை போட்டவர்கள் கிளட்ச் பெடலை விட்டுவிட்டார்கள். ரப்பரில் ஒரு வரிகூட இல்லை, வழவழவென்று தேய்ந்திருக்கிறது. டிரைவர் பக்க சீட் பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது.

மைலேஜ் தரும் டீசல் வண்டியை யாரும் ஷெட்டில் பூட்டி வைக்க வாங்குவதில்லை, ஓட்டித் தள்ளத்தான் வாங்குகிறார்கள். மீட்டரைக் குறைத்தால் நல்ல விலை கிடைப்பதும் இதில்தான். டிஜிட்டல் மீட்டர் என்றால் தொட முடியாது என்று நம்பாதீர்கள். லேப்டாப்பை மாட்டி மாற்றிவிடுகிறார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரையே சர்வீஸ் சென்டருக்கு உங்கள் எதிரில் போன் போடச் சொல்லி, கடைசி சர்வீஸில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வையுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம் தயாரானது. குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயரும் மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

"வந்தபடியே வித்தோமுங்க, மீட்டரை நாங்க தொடலைங்க" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். "62,000 ஒரிஜினல்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன்.  ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.