மணி பிளான்ட், பாம்புச் செடி, இசட் இசட்: எந்த வீட்டுக்கு எது?

எங்கள் வீட்டில் முதலில் செத்துப்போனது, "இது சாகவே சாகாது சார்" என்று சொல்லி விற்கப்பட்ட செடிதான். இசட் இசட் பிளான்ட். நர்சரிக்காரர் பொய் சொல்லவில்லை. நான் ஒரு மாதம் வெளியூர் போயிருந்தேன். அம்மா தினமும் காலையில் காபி போட்ட கையோடு அதற்கும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் தண்டெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்து கிடக்கிறது. தொட்டியைக் கவிழ்த்தேன். உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டிய கிழங்கு கூழாகக் கையில் வந்தது, நாற்றத்தோடு. "பச்சத் தண்ணிதானேடா ஊத்தினேன், விஷமா ஊத்தினேன்?" என்றார் அம்மா. பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த மணி பிளான்ட் அதே தண்ணீரை வாங்கிக்கொண்டு இரண்டு இலை கூடுதலாக விட்டிருந்தது.

பராமரிப்பே வேண்டாத செடி எது என்று கேட்பவர்கள் செடியைப் பற்றி மட்டும் விசாரிக்கிறார்கள். வீட்டில் சொம்பு யார் கையில் இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும். மூன்று வருடமாக இந்த மூன்று செடிகளையும் ஒரே ஹாலில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சென்னையில் இரண்டாம் மாடி, கிழக்குப் பக்கம் ஒரே ஜன்னல், எதிரே ஆறடியில் அடுத்த வீட்டுச் சுவர், போர் தண்ணீர். நம்மூர் ஃபிளாட்டுகளில் பாதி இப்படித்தான் இருக்கும்.

முதலில் பிறந்த ஊரைப் பார்க்கலாம், ஏனென்றால் தண்ணீர்க் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. மணி பிளான்ட் தஹித்திக்குப் பக்கத்தில் உள்ள மூரேயா தீவுக்காரி. ஈரமான காடு, மரத்தில் தொற்றி ஏறும் கொடி. தண்ணீரைச் சேமித்து வைக்கும் பழக்கம் அதற்கு இல்லை, தேவையும் இருந்ததில்லை. இசட் இசட் கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரைக்குமான கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே மாதக்கணக்கில் மழை வராது. அதனால் மண்ணுக்கடியில் கிழங்கு, தடித்த தண்டு என்று எங்கும் தண்ணீரைப் பதுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாம்புச் செடி, அதாவது ஸ்நேக் பிளான்ட், மேற்கு ஆப்பிரிக்கா. இலையே தண்ணீர்த் தொட்டி.

பாம்புச் செடி அன்னியம் என்று ஒதுக்கவும் முடியாது. நம் ஊர் மருள் அதன் பங்காளிதான். நாரெடுத்து வில்லுக்கு நாண் முறுக்கிய அதே மருள். நர்சரிச் சீட்டில் சான்செவீரியா என்று அதன் பழைய அறிவியல் பெயரை இன்னும் எழுதியிருப்பார்கள். மரபணுவை ஆராய்ந்த பிறகு தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்தையே டிரசீனா என்ற இன்னொரு பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். செடிக்கு ஒன்றும் தெரியாது, அதுபாட்டுக்கு வளர்கிறது.

வெளிச்சம்

"இருட்டிலும் வளரும்" என்று மூன்றையும் விற்கிறார்கள். வளரும் என்பது வேறு, சாகாமல் இருக்கும் என்பது வேறு. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: பகல் பதினோரு மணிக்கு லைட் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடமா? முடிந்தால் மூன்றும் பிழைக்கும்.

அந்த வெளிச்சத்தில் யார் எப்படி இருக்கிறார்கள் என்றால், மணி பிளான்ட்தான் முதலில் முகம் மாறும். இலையின் மஞ்சள் தீற்றல்கள் அடுத்தடுத்த இலைகளில் குறைந்து, கடைசியில் வெறும் பச்சையாகும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடி, கொடி நூல் மாதிரி நீளும். பாம்புச் செடி அப்படியே நிற்கும். ஆனால் பக்கத்தில் புதுக் குருத்து வராது, வந்தாலும் ஒல்லியாக வந்து சரியும். இருட்டு மூலையில் மானத்தைக் காப்பது இசட் இசட்தான். ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாயும், வாரம் ஒரு தடவை தொட்டியைக் கால் வட்டம் திருப்பிவிட்டால் போதும்.

பாவம் என்று அதைத் தூக்கிக் கத்திரி வெயிலில் பால்கனியில் வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். ஒரே பிற்பகலில் இலைகளில் வெளுத்த திட்டுகள், அப்புறம் அவை பழுப்பாகி அப்படியே நின்றுவிட்டன. வெந்த இலை மறுபடி பச்சையாவதில்லை. பாம்புச் செடி நேர் வெயிலையும் தாங்கும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

தண்ணீர்தான் விஷயமே

மண்ணில் வைத்த மணி பிளான்டுக்கு எங்கள் வீட்டில் ஐந்தாறு நாளைக்கு ஒரு தடவை. பாம்புச் செடிக்கு இரண்டு மூன்று வாரம். இசட் இசட்டுக்கு மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம், மழைக்காலத்தில் அதற்கும் மேலே. நாள் கணக்கை நம்புவதைவிடக் குல்ஃபி குச்சியை நம்புங்கள். தொட்டியின் அடிவரை செருகி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால், ஈரமிருந்தால் குச்சி கறுத்திருக்கும். கறுத்திருந்தால் பாம்புச் செடிக்கும் இசட் இசட்டுக்கும் சொம்பைத் தூக்கக் கூடாது. பாம்புச் செடிக்கு ஊற்றும்போது இலைகளுக்கு நடுவில் ஊற்றினால் தண்ணீர் அங்கேயே தேங்கி அழுகும். ஓரமாக மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

தாகம் எடுத்தால் மணி பிளான்ட் இலையைத் தொங்கப்போட்டுவிடும். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். அதாவது கேட்டால் பதில் சொல்லும். இசட் இசட் கடைசிவரை பளபளவென்று சிரித்துக்கொண்டே இருக்கும். தண்டு மஞ்சளாகும்போது கிழங்கு பாதி போயிருக்கும். புதிதாகச் செடி வளர்க்க வருபவருக்கு 'சாகாத செடி' என்று அதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கற்றுத்தராது.

நர்சரியிலிருந்து வருகிற செம்மண் உருண்டையையும் கவனிக்க வேண்டும். கறுப்புக் கவரைக் கிழித்தால் வேரைச் சுற்றிக் களிமண் மாதிரி ஒரு பந்து இருக்கும். காய்ந்தால் செங்கல், நனைந்தால் சேறு. அப்படியே தொட்டியில் இறக்கினால் வெளி மண் காய்ந்து தெரியும், உள்ளே பந்து மட்டும் ஈரமாகவே இருக்கும். பக்கெட் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வேர் அறுபடாமல் முக்கால்வாசியைக் கரைத்துவிடுவேன். பாம்புச் செடிக்கும் இசட் இசட்டுக்கும் பாதிக்குப் பாதி பரும்மணல். ஆற்று மணல் கிடைக்காததால் எம்-சாண்டைச் சலித்து, தூசி போகக் கழுவிப் போடுகிறேன். கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள், தண்ணீரைப் பிடித்துவைக்கும், அதை மணி பிளான்டுக்கு மட்டும் போடலாம்.

போர் தண்ணீரின் உப்பு மண்மேல் வெள்ளையாகப் படியும், மணி பிளான்டின் இலை நுனி கருகும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் உப்புத் தொல்லை இல்லை.

பாட்டில் மணி பிளான்டுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. டெங்கு கொசுவுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. சுத்தமான தேங்கிய தண்ணீர், நிழல். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு நாள் தண்ணீரை மாற்ற வேண்டும். முட்டைகள் பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

ஆக்சிஜன் கதை

பாம்புச் செடியை 'ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும்' என்று சொல்லிப் படுக்கையறைக்கு விற்கிறார்கள். பாதி உண்மை. வறண்ட இடத்துச் செடி என்பதால் அது இலைத்துளைகளை ராத்திரியில்தான் திறக்கும், கரியமில வாயுவை அப்போதுதான் வாங்கிவைக்கும். ஆனால் ஆக்சிஜன் உண்டாவதற்கு வெளிச்சம் வேண்டும். ராத்திரியில் அந்த வேலை நடக்காது.

செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும், நாசாவே சொன்னது என்று ஒன்று சுற்றும். 1989-இல் அப்படி ஓர் ஆய்வு நடந்தது உண்மைதான். காற்றுப் புகாத சிறு கூண்டுக்குள் செடியை வைத்துச் செய்தார்கள். நம் வீடு கூண்டு இல்லையே. இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சாதாரணக் காற்றோட்டம் செய்வதைச் செடிகளால் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று கணக்குப் போட்டது. பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்தபட்சமே 90-க்கு மேல் தொட்டி. கட்டிலை வெளியே போட வேண்டியதுதான். இந்தக் காரணத்துக்காக எதையும் எதற்கும் மேலாக வாங்காதீர்கள்.

குழந்தை, பூனை இருக்கும் வீட்டில் மூன்றுமே எட்டாத இடத்தில்தான் இருக்க வேண்டும். மணி பிளான்டும் இசட் இசட்டும் சேனை, சேப்பங்கிழங்குக் குடும்பம். புளி விட்டுச் சமைக்காத சேனை நாக்கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இவற்றின் இலையிலும். பாம்புச் செடியில் இருப்பது வேறு பொருள், சபோனின். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. தவழும் குழந்தையின் கைக்கு முதலில் சிக்குவது தொங்கும் கொடிதான் என்பதால் மணி பிளான்டைத்தான் நான் உயரத்தில் மாட்டுவேன்.

பெருக்குவதில் மணி பிளான்டுக்குப் போட்டியே கிடையாது. கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர். கணு இல்லாத வெறும் இலை எத்தனை மாதமானாலும் செடியாகாது. திருடி வைத்தால்தான் வளரும் என்பார்கள். கேட்டு வாங்கி வைத்ததும் எங்கள் வீட்டில் நன்றாகவே வளர்கிறது. பாம்புச் செடியின் இலையை வெட்டி நட்டாலும் வரும், ஆனால் மஞ்சள் கரை போட்ட ரகமாக இருந்தால் கரையில்லாத பச்சைக் குட்டிதான் வரும். கரை வேண்டுமென்றால் அடியில் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். இசட் இசட்டின் ஒரு சிற்றிலையைச் செருகி வைத்தேன். ஐந்து மாதம் கழித்துத் தோண்டினால் பட்டாணி அளவு கிழங்கு, அவ்வளவுதான். அதன் விலை ஏன் அதிகம் என்பதற்குப் பதிலும் அந்தப் பட்டாணிதான்.

சரி, எதை வாங்குவது? தினமும் செடிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர் வீட்டில் மணி பிளான்ட், அதுவும் பாட்டிலில். முதல் செடி வாங்குபவருக்கும் அதையே சொல்வேன். மாதத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, மூலை இருட்டாக இருந்தால் இசட் இசட், ஜன்னலோரமாக இருந்தால் பாம்புச் செடி. இடம் குறைவாக இருந்தாலும் பாம்புச் செடிதான், அதன் இலை மேலேதான் போகும், பக்கவாட்டில் விரியாது.

நான் மறுபடியும் ஓர் இசட் இசட் வாங்கினேன். புத்தக அலமாரியின் மேல்தட்டில், ஜன்னலுக்கு எதிரே வைத்திருக்கிறேன். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் கை எட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த வருடம் மூன்று தண்டு விட்டிருக்கிறது.