தோசைக்குக் குறையில்லை, தண்ணீர்ப் பாட்டிலுக்குத்தான்

விக்கிரவாண்டியைத் தாண்டித் திருச்சி செல்லும் வழியில், தொலைதூரப் பேருந்துகள் இரவு உணவுக்கு நிறுத்தப்படும் உணவகங்களுள் ஒன்றைப் பற்றியது இம்மதிப்புரை. உணவில் பெரிய குறை சொல்வதற்கில்லை. நெய் தோசை ஓரம் முறுகலாகச் சூடாகவே வந்தது. காரச் சட்னி நன்றாக இருந்தது. சாம்பார் மட்டும் நீர்த்திருந்தது. பேருந்து கிளம்பிவிடுமோ என்ற பதற்றத்தில் உண்பவர்களுக்கு இவ்வளவு விரைவாகப் பரிமாறுவதே பாராட்டத்தக்கது.

குறையெல்லாம் வாசலை ஒட்டியுள்ள கடையில்தான். கழுத்தருகே 20 ரூபாய் என்று பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலுக்கு 30 ரூபாய் கேட்டார்கள். காரணம் கேட்டதற்குக் கல்லாவில் இருந்தவர், "இந்த ரோட்டுல எல்லாக் கடையிலயும் இதான் சார் ரேட்டு" என்றார். அச்சிட்ட விலையைக் காட்டியதும், "எல்லாரும் வாங்கிட்டுத்தான போறாங்க, நீங்க மட்டும்தான் கேக்குறீங்க" என்று அடுத்தவரிடம் காசு வாங்கத் திரும்பிவிட்டார். கூலிங் சார்ஜ் என்ற வழக்கமான சாக்கைக்கூட அவர் சொல்லவில்லை; பாட்டிலும் குளிர்ந்திருக்கவில்லை.

அவர் சொன்ன 'எல்லாக் கடை'களும் பேருந்தை விட்டு நகர முடியாத பயணிகளை நம்பி நடப்பவை. அதே சாலையை ஒட்டிய ஊர்களின் மளிகைக் கடைகளில் அதே பாட்டில் அச்சிட்ட விலைக்கே கிடைக்கிறது. அவை மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை. 'எல்லாரும்' வாங்குவதும் சம்மதித்து அல்ல, ஓட்டுநர் ஹாரன் அடிப்பதால்.

உணவகத்தில் அமர்த்திப் பரிமாறும் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது உண்மையே. அங்கே இருக்கையும் பரிமாறுதலும் சேர்ந்து விற்கப்படுகின்றன என்பது அதன் அடிப்படை. நின்றபடி கைநீட்டி வாங்கிச் செல்லும் கடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடைசெய்கின்றன. பக்கத்துக் கடைக்காரரும் மீறுகிறார் என்பதற்கு அவ்விதிகளில் விலக்கு ஏதும் இல்லை.

கழிப்பறை கட்டணமின்றி, ஓரளவு சுத்தமாகவே இருந்தது. அப்படியிருந்தும் பின்புறச் சுவரோரம் வரிசையாகச் சிறுநீர் கழித்தபடி நின்றவர்களிடம் கேட்டிருந்தால், அவர்களும் 'எல்லாரும் இப்படித்தான்' என்ற கல்லாக்காரரின் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

உணவுக்கு ஐந்தில் மூன்றரை, கடைக்கு ஒன்று. இங்கே நிற்கும் பேருந்தில் செல்பவர்கள் தோசையைத் தயங்காமல் உண்ணலாம். தண்ணீரைக் கையோடு கொண்டு செல்வது நல்லது. கடையில் வாங்க நேர்ந்தால், அச்சிட்ட விலை தெரியுமாறு பாட்டிலைப் படமெடுத்து, பில்லும் கேட்டு வாங்கிக்கொண்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலோ, அவ்விதிகள் சார்ந்த எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறையிடமோ புகார் அளிக்கலாம். எனக்குப் பில் தரவில்லை. அதற்கும் "யாருக்கும் குடுக்கிறதில்ல சார்" என்பதே பதில்.